10,000 லக்ஸ் விளக்கு: இரண்டு குளிர்காலம் பாவித்த பின்

ரொறன்ரோவில் டிசெம்பர் 21 அளவில் பகல் 9 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே சுமார் பதினொன்றரை மணி நேரம் இருக்கும். அந்த வெளிச்சத்தில் வளர்ந்த எனக்கு, இங்கே நவம்பரில் கடிகாரத்தைப் பின்னே திருப்பியதும் வரும் மாற்றம் ஒரு நோயின் தொடக்கம் என்று விளங்க மூன்று ஆண்டுகள் ஆயின. பத்து மணி நேரம் உறங்கியும் எழும்ப முடியவில்லை. பாணும் பிட்டும் இனிப்பும் எவ்வளவு உண்டாலும் போதவில்லை. அக்காவின் தொலைபேசி அழைப்பைப் பார்த்துக்கொண்டே எடுக்காமல் விட்டேன். மனச்சோர்வு என்றால் உறக்கமும் பசியும் போய்விடும் என்றே கேள்விப்பட்டிருந்ததால், இரண்டும் கூடிய என் நிலையைச் சோம்பல் என்று எண்ணி என்னையே கடிந்துகொண்டேன். குளிர்கால மனச்சோர்வில் பலருக்கு உறக்கமும் பசியும் கூடத்தான் செய்கின்றன என்பதைக் குடும்ப வைத்தியர் சொல்லித்தான் அறிந்தேன். ஏப்ரலில் தானாக விலகி அடுத்த இலையுதிர்காலத்தில் திரும்பவும் வருகிறதா என்பதே அவர் முதலில் கேட்ட கேள்வி.

இந்த நோயை அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த நோர்மன் ரோசன்தாலும் உடன் ஆய்வாளர்களும் 1984ஆம் ஆண்டு விவரித்தார்கள். ரோசன்தால் தென்னாபிரிக்காவில் இருந்து வந்து, நியூயோர்க்கின் குளிர்காலத்தில் தாமே சோர்ந்துபோனவர் என்று வாசித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வைத்தியர் பரிந்துரைத்தது ஒளி விளக்கு. காலையில் 10,000 லக்ஸ் வெளிச்சம், 30 நிமிடம். லக்ஸ் என்பது ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு. நல்ல வெளிச்சமுள்ள அலுவலக மேசையிலேயே 500 லக்ஸ் அளவுதான் இருக்கும் என்பதால், வழக்கமான வீட்டு மின்குமிழ்களால் அந்த அளவு வராது.

நான் முதலில் வாங்கிய விளக்கு ஒரு சிறிய புத்தகத்தின் அளவுதான். பெட்டியின் முன்பக்கத்தில் 10,000 லக்ஸ் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. அது 15 சென்ரிமீற்றர் தொலைவில் கிடைக்கும் அளவு என்பது உள்ளே இருந்த தாளில் பொடி எழுத்தில் இருந்தது. முகத்தை அவ்வளவு கிட்ட வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஒருவரும் இருக்க முடியாது. சற்றுப் பின்னால் சாய்ந்தாலோ வெளிச்சம் வேகமாகக் குறைந்துவிடுகிறது. மூன்று வாரத்தில் எந்த மாற்றமும் காணாமல், விளக்குச் சிகிச்சையே பொய் என்று முடிவுகட்ட இருந்தேன். இதைப் படிப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: விளக்கு வாங்கும்போது லக்ஸ் எண்ணை மட்டும் பார்க்காமல், அது எத்தனை சென்ரிமீற்றரில் என்பதையும் கேளுங்கள்.

இரண்டாவது விளக்கு அகலமான பலகை போன்றது. புற ஊதாக் கதிரை வடிகட்டுகிறது. 30 சென்ரிமீற்றரில் 10,000 லக்ஸ் தருகிறது. மகளின் பள்ளி அடிமட்டத்தை வைத்து அளந்து, சமையலறை மேசையில் ஒரு துண்டு ஒட்டுநாடாவால் இடத்தைக் குறித்துக்கொண்டேன். கண் மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு பக்கமாகச் சரித்து வைத்து, விளக்கை நேரே உற்றுப் பார்க்காமல், ஏழு மணிக்குத் தேநீர் குடித்தபடி அதன் முன் இருப்பேன். ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, அலாரம் அடிக்கும் முன்னரே விழித்திருந்தேன். இரண்டாம் வாரத்தின் முடிவில் அக்காவுக்கு நானாக அழைத்தேன்.

குறைகளும் உண்டு. தாங்கும் கால் மெல்லிய பிளாஸ்ரிக்கில் செய்தது, மேசை அசைந்தால் விளக்கு முன்னே சரிகிறது. முதல் நான்கு நாள் தலையிடித்ததால், 15 நிமிடத்தில் தொடங்கிக் கூட்ட வேண்டியிருந்தது. ஒருநாள் காலையில் தவறவிட்டதை மாலையில் ஈடுசெய்ய முயன்று, அன்றிரவு இரண்டு மணி வரை விழித்திருந்தேன்.

வைத்தியரைக் கேட்காமல் இதை வாங்க வேண்டாம் என்று சொல்லவும் காரணம் இருக்கிறது. இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கு இந்த ஒளி மிகையெழுச்சியை, அதாவது அளவுமீறிய உற்சாகமும் பரபரப்பும் உள்ள நிலையை, தூண்டிவிடலாம். விழித்திரை நோய் உள்ளவர்களும் ஒளிக்கூச்சம் உண்டாக்கும் மருந்து எடுப்பவர்களும் முதலில் ஆலோசனை பெற வேண்டும். விளக்கு வலுவற்ற மாற்று வழி என்றும் எண்ண வேண்டாம்: கனடாவில் மனநல மருத்துவர் ரேமண்ட் லாம் குழுவினர் 96 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒளிச் சிகிச்சையும் ஃபுளுஒக்செற்றின் என்ற மனச்சோர்வு மாத்திரையும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. ஆயினும் சிலருக்கு மாத்திரையோ உளவளத்துணையோ தேவைப்படும். உயிர் வாழ விருப்பமற்ற எண்ணம் வந்தால், விளக்கு வேலை செய்யட்டும் என்று காத்திருக்காமல் கனடாவில் எந்நேரமும் 988 என்ற எண்ணை அழையுங்கள்.

மதிய இடைவேளையில் இருபது நிமிடம் வெளியே நடப்பதையும் நான் விடுவதில்லை. மூட்டமான வானம்கூட வீட்டு வெளிச்சத்தைவிடப் பல மடங்கு அதிகம். இந்த ஆண்டு அறிகுறி தொடங்குவதற்கு முன்னரே, செப்டெம்பர் கடைசியில் விளக்கைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். மேசையில் சென்ற ஆண்டு ஒட்டிய நாடா இன்னும் அதே இடத்தில் இருந்தது.