போன் பிரவுசருக்கு எந்த எக்ஸ்டென்ஷன் வேண்டும், எது வேண்டாம்

ஆண்ட்ராய்டு போனில் குரோம் வைத்திருப்பவர்கள் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரல்) தேடி அலைய வேண்டாம், அதில் அந்த வசதியே இல்லை. முன்பு பலரும் வைத்திருந்த கிவி பிரவுசரை 2025 ஜனவரியில் மூட்டை கட்டிவிட்டார்கள். மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசரில் கொஞ்சம் உண்டு, ஆனால் என் ஓட்டு ஃபயர்பாக்ஸுக்குத்தான். 2020இல் அதைப் புதிதாக எழுதி வெளியிட்டபோது விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் எக்ஸ்டென்ஷன் விட்டார்கள், எரிச்சலாக இருந்தது. 2023 டிசம்பரில்தான் 400க்கும் மேல் ஒரே வீச்சில் திறந்துவிட்டார்கள்.

அவ்வளவு இருக்கிறதே என்று எல்லாவற்றையும் போட்டு வைக்காதீர்கள். ஒன்றே ஒன்று போதும் என்றால் விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின். செய்தித் தளத்தில் நாலு வரி படிப்பதற்குள் மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் தானாக ஓடும் வீடியோ ஒன்று என்று வருமே, அதெல்லாம் போய்விடும், பக்கமும் சட்டென்று திறக்கும், ஏனென்றால் விளம்பரத்தை இறக்கிவிட்டு மறைப்பதில்லை, பெரும்பாலும் இறங்கவே விடுவதில்லை. டேட்டாவும் மிச்சம். பலர் கவனிக்காத ஒன்று அதன் செட்டிங்ஸில் இருக்கிறது: இத்தனை கேபிக்கு மேல் உள்ள படம், வீடியோவை நிறுத்திவை என்று சொல்லலாம், தொட்டால் மட்டும் இறங்கும். தினசரி டேட்டா தீரும் நேரத்தில் கைகொடுக்கும். ஏதாவது பெட்டி பிடிவாதமாக நின்றால் மின்னல் படம் போட்ட பொத்தானை அழுத்தி அதைத் தொடுங்கள், காணாமல் போகும். குறை என்றால், இதைத் திறக்க ஒவ்வொரு முறையும் மெனுவுக்குள் போய்த் தேட வேண்டும், கட்டைவிரல் வலிக்கிறது. பெயரில் 'ஆரிஜின்' இருக்கிறதா என்று பாருங்கள், வெறும் யூபிளாக் என்பது வேறு ஆள்.

அடுத்து வீடியோ பேக்ரவுண்ட் பிளே ஃபிக்ஸ், ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவே செய்தது. நீங்கள் வேறு டேபுக்குப் போனதும் அந்தத் தகவல் யூடியூப் பக்கத்துக்குத் தெரியாமல் மறைக்கிறது, அதனால் திரையை அணைத்தாலும் பாட்டு ஓடும். சின்ன வேலை, சுத்தமான வேலை.

பக்கங்களைக் கறுப்புப் பின்னணிக்கு மாற்றும் டார்க் ரீடர்? கம்ப்யூட்டரில் அருமை. போனில், அதுவும் பழைய போனில், பக்கம் பக்கமாக நிறத்தை மாற்றிக்கொண்டிருப்பதால் வேகம் குறைகிறது. இரவில் கட்டுரை படிக்க மட்டும்தான் என்றால் கட்டுரையை மட்டும் காட்டும் ஃபயர்பாக்ஸின் ரீடர் வியூவிலேயே கறுப்புப் பின்னணி உண்டு, அது போதும். பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் பிட்வார்டனின் எக்ஸ்டென்ஷனும் தேவையில்லை, அதன் ஆப்பே நிரப்பித் தரும். கூப்பன் தேடித் தருகிறேன், விலை ஒப்பிட்டுச் சொல்கிறேன் என்று வருபவற்றைத் தொடவே தொடாதீர்கள்.

ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் என்றால், 'எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவை அணுகும்' என்று நிறுவும்போது கேட்கிறதே, அதற்கு அர்த்தம் பேங்க் பக்கமும் சேர்த்துத்தான். கம்ப்யூட்டர் குரோமில் கிரேட் சஸ்பெண்டர் என்று நல்ல பெயரெடுத்த ஒன்று இருந்தது, 2020இல் கை மாறியது, 2021 பிப்ரவரியில் தீங்கான நிரல் என்று சொல்லி கூகுளே தூக்கியது. அதனால் ஃபயர்பாக்ஸ் பட்டியலில் 'பரிந்துரைக்கப்பட்டது' என்ற முத்திரை உள்ளதையே எடுங்கள், மொசில்லா ஆட்கள் அவற்றின் நிரலைப் பார்த்த பிறகுதான் அது கிடைக்கும்.

ஐபோன்காரர்களே, உங்கள் ஃபயர்பாக்ஸில் இதெல்லாம் ஓடாது. சஃபாரிக்கு யூபிளாக் ஆரிஜின் லைட் வந்திருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.