டெபியன் ஆவணங்களை நம்பிக் கடை நடத்துகிற அனுபவம்

தக்கலையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். டெபியன் என்பது விண்டோஸ் மாதிரி ஒரு இயங்குதளம், லினக்ஸ் வகை, இலவசம். 2019-இல் அதன் 10-ஆம் வெளியீடான பஸ்டர் வந்த காலத்திலிருந்து கடையில் பில் போடுவது முதல் வீட்டு லேப்டாப் வரை எல்லாம் டெபியன்தான். அரசு கொடுத்த இலவச லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்கும் அதையே போட்டுக் கொடுக்கிறேன். (அந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு வந்த பாஸ் லினக்ஸும் டெபியனை வைத்துக் கட்டியதுதான்.) இத்தனை காலம் இதிலேயே நிற்பதற்கு முக்கியக் காரணம் அதன் ஆவணங்கள். ஒரு சொல்லை எந்தப் பொருளில் சொல்கிறோம் என்று விளக்கிவிட்டு, அதே பொருளிலேயே கடைசி வரை பயன்படுத்துகிறார்கள். அதை நம்பித்தான் அடுத்தவர் கணினியில் கை வைக்க முடிகிறது.

எல்லோரும் பயன்படுத்துவதற்கென்று டெபியன் தருகிற வெளியீட்டுக்கு ஸ்டேபிள் என்று பெயர். ஸ்டேபிள் என்றால் ஹேங் ஆகாது என்றுதான் வருகிறவர்களில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். கடையில் வேலை பழகுகிற தம்பியும் "அண்ணே, ஸ்டேபிள்னு போட்டிருக்கு, ஆனா லிப்ரே ஆபீஸ் பழசாவே இருக்கே?" என்று கேட்டான். வெளியீடு வந்த பிறகு மென்பொருள்களின் பதிப்பை முடிந்தவரை மாற்றாமல் வைத்து, பாதுகாப்புத் திருத்தங்களையும் பெரிய பிழைகளுக்கான திருத்தங்களையும் மட்டும் தருவார்கள், அந்த மாறாத தன்மைக்குத்தான் ஸ்டேபிள் என்று பெயர். இன்னொன்றும் உண்டு. ஸ்டேபிள் என்பது கலெக்டர் பதவி மாதிரி, அதில் இன்றைக்கு யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது வேறு விஷயம். 2023 ஜூனில் வந்த புக்வோர்ம் (டெபியன் 12) அந்த இடத்தில் இருந்தது, 2025 ஆகஸ்ட் 9 அன்று ட்ரிக்ஸி (டெபியன் 13) வந்ததும் அது ஓல்ட்ஸ்டேபிள், அதாவது பழைய ஸ்டேபிள் ஆகிவிட்டது. மென்பொருளை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று குறித்து வைக்கிற சோர்ஸஸ் கோப்பில் 'ஸ்டேபிள்' என்று எழுதி வைத்திருந்தால் அந்தத் தேதிக்குப் பிறகு அப்கிரேட் கொடுக்கும்போது கணினி அடுத்த வெளியீட்டுக்கே நகரப் பார்க்கும். குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறவர் ஒருவரின் கணக்கு முழுக்க ஒரே கணினியில் இருக்கிறது, அதில் நானறியாமல் அப்படி நடக்கக் கூடாது. அதனால் வாடிக்கையாளர் கணினி எதுவானாலும் புக்வோர்ம், ட்ரிக்ஸி என்று பெயரைத்தான் எழுதுகிறேன்.

அப்கிரேட் நடக்கும்போது நடுவில் நின்று ஒரு கேள்வி வருமே, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நெட்வொர்க்கில் ஃபோல்டர்களைப் பகிர உதவுகிற சாம்பாவின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பைக் கையால் மாற்றியிருக்கிறோம், புதுப் பதிப்பிலும் அந்தக் கோப்பு மாறியிருக்கிறது என்று வையுங்கள். பாக்கேஜ் மெயின்டெயினரின் பதிப்பைப் போடவா, இப்போது இருப்பதையே வைக்கவா, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டவா என்று கேட்கும். இந்தக் கணினியைப் பராமரிப்பது நான்தானே, அப்படியானால் மெயின்டெயினர் நான்தான் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அவருடைய பதிப்பைப் போடச் சொன்னால் போச்சு, ஷேர் செய்திருந்த ஃபோல்டர் எதுவும் தெரியாது. டெபியனில் மெயின்டெயினர் என்பவர் அந்த மென்பொருளைப் பாக்கேஜாகக் கட்டித் தருகிறவர், மூலத்தை எழுதுகிறவர்களுக்கு அப்ஸ்ட்ரீம் என்று பெயர். இது தெரிந்துவிட்டால் கேள்வி தானே புரிந்துவிடும். நான் முதலில் வித்தியாசத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வேன். வெறும் என்டர் தட்டினால் பழையதுதான் இருக்கும் என்பதும் அந்தத் திரையிலேயே தெரிந்துவிடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. மென்பொருளை நிறுவவும் புதுப்பிக்கவும் ஆப்ட், ஆப்ட்-கெட் என்று இரண்டு கட்டளைகள் உண்டு. ஆப்ட் அப்டேட் புதுப் பதிப்புகளின் பட்டியலை மட்டும் கொண்டுவரும், ஆப்ட் அப்கிரேட் எதையும் நீக்காமல் புதுப்பிக்கும், ஃபுல்-அப்கிரேட் தேவைப்பட்டால் சிலவற்றை நீக்கியும் புதுப்பிக்கும். சரி. ஆனால் ஆப்ட்-கெட்டில் இதே ஃபுல்-அப்கிரேடுக்கு டிஸ்ட்-அப்கிரேட் என்று பெயர், ஆப்ட்-கெட்டின் அப்கிரேடோ வழக்கமாகப் புதிய பாக்கேஜ் எதையும் சேர்க்காது, ஆப்டின் அப்கிரேட் சேர்க்கும். புதிதாகப் படிக்கிறவர் இந்த இரண்டு கட்டளைகளின் மேன் பக்கங்களையும் (உதவிப் பக்கங்கள்) அக்கம்பக்கம் வைத்துப் பார்த்தால்தான் இது பிடிபடும். டெபியனின் விக்கி பக்கங்களும் ஒரே தரத்தில் இல்லை, சிலவற்றைத் தொட்டு நாளாகிவிட்டது என்பது படித்தாலே தெரியும்.

ஒவ்வொரு வெளியீட்டிலும் என்ன மாறியது என்று சொல்கிற ரிலீஸ் நோட்ஸுக்கு மட்டும் முழு மார்க். தற்காலிகக் கோப்புகள் இருக்கிற டெம்ப் ஃபோல்டர் ட்ரிக்ஸியில் வழக்கமாக மெமரியிலேயே இருக்கும், அதிகபட்சம் மெமரியில் பாதி வரை எடுக்கலாம், வேண்டாமென்றால் இப்படி மாற்றுங்கள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. பழைய லேப்டாப்பை வைத்துப் படிக்கிற பிள்ளைக்கு இது பெரிய விஷயம். புக்வோர்மில் வைஃபை மாதிரி சாதனங்கள் இயங்கத் தேவையான ஃபர்ம்வேர் என்கிற உள்மென்பொருளை நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்று தனியாகப் பிரித்ததையும் அப்படித்தான் காரணத்தோடு சொல்லியிருந்தார்கள்.

ஆனி, ஆடி மழையில் இங்கே நெட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. டெபியன் ரெஃபரன்ஸ், டெபியன் ஹேண்ட்புக் என்ற இரண்டு வழிகாட்டி நூல்களும் பாக்கேஜாகவே கிடைக்கின்றன, முன்னாலேயே நிறுவி வைத்துக்கொள்ளுங்கள். ரிலீஸ் நோட்ஸில் ஏதாவது ஒரு இடம் குழப்பினால் அதையும் மென்பொருள் பிழை மாதிரியே பிழைப் பதிவில் எழுதலாம், ரிலீஸ்-நோட்ஸ் என்ற பெயரிலேயே அதற்குத் தனி இடம் வைத்திருக்கிறார்கள். எந்த வரி, என்ன புரியவில்லை என்று எழுதினால் போதும்.