பழைய பியானோவுக்கு மெழுகா, காம்பவுண்டா, பட்டறையா?

சிங்கப்பூரில் கைமாறும் பியானோக்களில் கறுப்பு யமஹாவும் கவாயும் நிறைய. உள்ளே சுத்தியலும் கம்பியும் நன்றாக இருந்தாலும், வெளியே மூடி விளிம்பு மங்கிப்போய், வாசிக்கும் கட்டைகளுக்குப் பின்னால் உள்ள பலகை நகக் கீறலாகக் கிடக்கும்.

கைவைப்பதற்கு முன் மேலே இருப்பது என்ன பூச்சு என்று பார்த்துவிடுங்கள். கண்ணில் படாத மூலையில் பஞ்சில் ஸ்பிரிட் (எரிசாராயம்) தொட்டுத் தேய்த்தால் பிசுபிசுக்கிறதா? அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லாக்கர் தின்னருக்கு மட்டும் இளகினால் லாக்கர். இரண்டுக்கும் மசியாவிட்டால் பெரும்பாலும் பாலியெஸ்டர் என்ற கெட்டியான பிசின் பூச்சு. கண்ணாடி போல் பளபளக்கும் கறுப்புப் பியானோ அநேகமாக இந்த ரகம்தான்.

கீறலை மறைக்கும் மெழுகுக் குச்சியும் மார்க்கரும் மலிவு, பிடிக்காவிட்டால் துடைத்துவிடலாம். ஆனால் மெழுகு இறுகுவதில்லை. கை படும் மூடி விளிம்பில் நிற்காது. கால்களுக்கும் அடிப்பலகைக்கும் அதுவே போதும்.

பாலியெஸ்டரில் என் ஓட்டு காம்பவுண்டுக்குத்தான், அதாவது தேய்த்து மெருகேற்றும் பசைக்கு. கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். தடுக்காவிட்டால் காம்பவுண்டை மெல்லிய துணியில் தொட்டுத் தேய்த்தாலே மறைந்துவிடும். தடுத்தால் 1500, அப்புறம் 2000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து இழைத்துவிட்டு, பிறகு காம்பவுண்ட். விளிம்பில் மட்டும் உப்புத்தாள் வேண்டாம். அங்கே பூச்சு மெலிது, சட்டென்று மரம் தெரிந்துவிடும். சில்லு பெயர்ந்த இடத்தில் கறுப்புச் சூப்பர் குளூவைச் சொட்டு சொட்டாக நிரப்பி, நன்றாக இறுகியதும் சமமாக இழைக்கலாம். மெழுகைவிட இது பல மடங்கு உறுதி.

மங்கலான மெருகுள்ள பழுப்புப் பியானோ என்றால் கணக்கே வேறு. காம்பவுண்ட் போட்டால் அந்த இடம் மட்டும் பளபளத்துத் திட்டாகத் தெரியும். அதற்கு நிறம் பொருந்தும் மெழுகே மேல்.

பட்டறையில் முழுதாக மறுபூச்சு கொடுப்பதற்குச் செலவு அதிகம். பூச்சு பாளம் பாளமாக வெடித்திருந்தால் தவிர நான் அதைச் சொல்லமாட்டேன். அந்தப் பணத்தில் சுருதி சேர்த்து, கட்டைகளைச் சீராக்கலாம். வாசிக்கும் பிள்ளைக்கு அதுதான் பலன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் நாமே லாக்கர் ஸ்பிரே அடிப்பது வேண்டவே வேண்டாம்: நெடி அண்டை வீடு வரை போகும், நம் ஊர் ஈரப்பதத்தில் பூச்சு வெண்மை படர்ந்துவிடும்.

சிலிக்கான் கலந்த ஸ்பிரே பாலிஷையும் தவிர்த்துவிடுங்கள். இன்றைக்கு மினுக்கும், பின்னாளில் புதுப் பூச்சு கொடுக்கும்போது அங்கங்கே ஒட்டாமல் குழி விழும்.