பென் 10, முதல் அத்தியாயம்: காட்டைக் கொளுத்திய கதாநாயகன்

சக்தி கிடைத்த கையோடு யாரையாவது காப்பாற்றுவதுதான் சூப்பர் ஹீரோக்களின் வழக்கம். பென் டென்னிசன் காட்டைக் கொளுத்துகிறான். 2005 டிசம்பர் 27 அன்று கார்ட்டூன் நெட்வொர்க்கில் முன்னோட்டமாக வந்த, இந்தக் கார்ட்டூன் தொடரின் முதல் அத்தியாயம் இன்னும் சலிக்காததற்குக் காரணமே அதுதான். ஓடும் நேரம் ஏறத்தாழ 22 நிமிடம்.

பள்ளிக்கூட விடுமுறை. பத்து வயசு பென், அவன் வயசையே ஒத்த க்வென், தாத்தா மேக்ஸ் மூவரும் ஒரு பழைய வீட்டு வேனில் ஊர்சுற்றக் கிளம்புகிறார்கள். ராச்சாப்பாட்டுக்குத் தாத்தா நீட்டுவது ஊறவைத்த புழு. (ஆங்கிலத்தில் பென்னும் க்வென்னும் 'கசின்' என்றாலும், இரண்டு அப்பாமாரும் மேக்ஸின் மகன்கள். நம் முறைக்கு உடன்பிறப்புத்தான்; மச்சான் மச்சாள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்காதீர்கள்.) சலித்துப்போய்க் காட்டுக்குள் நடக்கும் பென்னுக்கு முன்னால் வானத்திலிருந்து ஓர் உருண்டை விழுகிறது. அதிலிருந்த ஆம்னிட்ரிக்ஸ் என்ற வேற்றுலகக் கடிகாரம் மணிக்கட்டில் பாய்ந்து பிடித்துக்கொள்கிறது, கழற்ற முடியவில்லை.

அந்தக் கடிகாரத்தின் சட்டதிட்டங்களை வாய்ப்பேச்சில்லாமல் காட்டியிருப்பது நல்ல வேலை. பொத்தானை அழுத்தினால் முகப்பு எழும்பும். உள்ளே ஒரு வேற்றுலக உருவத்தின் நிழல் தெரியும். முகப்பைத் திரும்ப அமுக்கினால் ஆள் மாறிவிடுவான். சுமார் 10 நிமிடத்தில் சிவப்பு மின்னிப் பழைய உருவம் வந்துவிடும். மறுபடி சக்தி ஏறும்வரை காத்திருக்க வேண்டும். பத்து உருவங்கள் இருந்தும் இதில் வருவது நான்குதான்: ஹீட்பிளாஸ்ட், வைல்ட்மட், டயமண்ட்ஹெட், எக்ஸ்எல்ஆர்8. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாமல் விட்டது புத்திசாலித்தனம்.

முதலில் வருவது நெருப்பு உருவமான ஹீட்பிளாஸ்ட். விளையாட்டாகத் தீ எறிந்து பார்க்கிறான், மரங்கள் பற்றிக்கொள்கின்றன. க்வென் தீயணைப்புக் கருவியோடு ஓடிவருகிறாள். வழி சொல்வது தாத்தா: எதிரே இன்னொரு தீயை மூட்டு, இரண்டும் மோதி அணையட்டும். பென் அப்படியே செய்ய, சில விநாடிகளில் காடு அடங்கிவிடுகிறது.

எதிர்த் தீ கற்பனையல்ல, உலகெங்கும் காட்டுத்தீயணைப்பாளர்கள் கையாளும் முறை. ஆனால் படம் முக்கால்வாசியை முழுங்கிவிட்டது. முதலில் ரோடு, ஓடை, புல் செதுக்கிய வெறுந்தரை என்று எரியாத கோடொன்று முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அதன் ஓரத்தில் மூட்டும் தீ பெருந்தீயை நோக்கிப் போய், நடுவிலுள்ள புல்லையும் சருகையும் தின்றுவிடும். பெருந்தீ வந்து சேரும்போது எரிய ஒன்றும் மிஞ்சாது. அணைவது அதனால்தான், மோதலால் அல்ல. காற்றுத் திரும்பினாலோ கோடு ஒடுக்கமாக இருந்தாலோ ஒரு தீ இரண்டு தீயாகிவிடும். மலைச்சரிவில் ஆபத்து இன்னும் அதிகம்: சரிவு 10 பாகை கூடினால் மேலேறும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். இலங்கையின் ஊவாப் பக்கம் வறண்ட கச்சான் காற்று அடிக்கும் ஜூலை, ஓகஸ்டில் மானாப்புல்லும் பைனஸ் சருகும் எப்படிப் பற்றும் என்பதை எல்ல, அப்புத்தளைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஆகவே இந்தக் காட்சியில் ரிமோட்டை அமுக்கி நிறுத்தி, இதைச் செய்துபார்க்கக் கூடாது என்று இரண்டு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

இன்னொரு குறை: காட்டைக் கொளுத்தியவனுக்கு ஒரு திட்டுக்கூட விழவில்லை. தாத்தாவும் வேற்றுலகக் கடிகாரத்தைப் பார்த்து வேண்டிய அளவு அதிர்ச்சியடையவில்லை. அது கவனக்குறைவல்ல, ஏன் என்பது தொடரில் பிறகு தெரியும்.

நடுப்பகுதியில் வைல்ட்மட் அருமை. கண்ணில்லாத, பேச்சு வராத மிருகம். மற்ற புலன்களால் உலகை உணர்வதைத் தனி நிறத்தில் காட்டுகிறார்கள். பறக்கும் இயந்திரமொன்றை அது நொறுக்கிய கையோடு நேரம் முடிந்து பென் வெறும் பையனாக நிற்க, இரண்டாவது இயந்திரத்தை மண்வெட்டியால் விளாசுவது க்வென். அதுவரை சண்டைபோட்டுக்கொண்டிருந்தவள் அப்படி வந்து நிற்கும்போது உறவு புரிந்துவிடுகிறது.

கடைசியில் முகாமைத் தாக்கும் ராட்சத ரோபோவுடன் டயமண்ட்ஹெட் மோதுவது சுமார் ரகம். கடிகாரத்தைப் பறிக்க இந்த இயந்திரங்களை அனுப்பும் வில்லன் வில்காக்ஸும் உறுமுவதோடு சரி. ஆனால் அவன் உடல் சிதைந்து திரவத் தொட்டியில் மிதக்கும் காட்சி ஐந்து வயசுக்குக் கீழே உள்ளவர்களைப் பயமுறுத்தலாம். ஏழு வயசுக்கு மேல் தாராளமாகக் காட்டலாம். முடிவில் எக்ஸ்எல்ஆர்8 வேகத்தில் முகாம் சாமான் முழுவதையும் கண்மூடித் திறப்பதற்குள் பென் வேனில் ஏற்றிவிடுகிறான்; அதைப் பார்த்த பிள்ளையிடம் அன்றைக்கே புத்தகப்பையை அடுக்கச் சொல்லிப் பாருங்கள்.