மின்தூண்டல் எங்கே: ஹிப்போகாம்பஸிலா, அதன் வாசலிலா?

மூளையில் நினைவுக்கு முக்கியமான பகுதி ஹிப்போகாம்பஸ். அதில் 'இங்கே இருக்கிறேன்' என்று சொல்லும் இட செல்கள். அதன் வாசலான என்டோரைனல் புறணியில், சுற்றியுள்ள இடத்தை அறுகோணக் கட்டங்களாக அளக்கும் கட்ட செல்கள். வழி மறக்காமலிருக்க இவற்றில் எதை மின்சாரத்தால் தூண்டலாம்?

2012-இல் லாஸ் ஏஞ்சலஸில், வலிப்பு சிகிச்சைக்காக மூளையில் மின்முனை பொருத்தியிருந்த 7 பேரைக் கணினியில் டாக்ஸி ஓட்ட வைத்தார்கள். பயணியை ஏற்றி, சொன்ன கடையில் இறக்க வேண்டும். எந்தக் கடைகளுக்கு வழி பழகும்போது மூளையின் அந்த வாசலைத் தூண்டினார்களோ, அந்தக் கடைகளுக்குப் பிற்பாடு சுற்றாமல் சீக்கிரம் போய்ச் சேர்ந்தார்கள். ஹிப்போகாம்பஸை நேரடியாகத் தூண்டியதில் அந்தப் பலன் இல்லை.

சரி, வாசல்தான் ஜெயித்ததா? அவசரம் வேண்டாம். 2016-இல் 49 பேரிடம் 50 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 50 மின்துடிப்பு) சோதித்தபோது, இரண்டு இடத்துத் தூண்டலுமே நினைவைக் கெடுத்தது. 7 பேரின் முடிவை வைத்து நான் பந்தயம் கட்டமாட்டேன்.