கால் சுற்று நட்டு: லீவர் மவுண்டுடன் நான்கு ஆண்டுகள்

துப்பாக்கியின் மேல் ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியைப் பிடித்துவைக்கும் தாங்கிதான் மவுண்ட். என்னுடையது லீவரை மடக்கினால் இறுகும், திறந்தால் கழன்றுவரும் வகை. பழுதுபார்க்க அனுப்பியது ஐந்து வாரங்கள் கழித்து நேற்றுத்தான் திரும்பி வந்தது. லீவர் புதிது, நட்டு புதிது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "உரிமையாளர் அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்." காசு எதுவும் வாங்கவில்லை. திட்டும் இலவசம். அதே நாளில் ஹூஸ்டனிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "அண்ணா, தெர்மல் ஸ்கோப் வாங்கிவிட்டேன். லீவர் மவுண்ட் போடலாமா, சாதாரண ரிங்கே போதுமா?" (தெர்மல் ஸ்கோப் இருட்டில் உடல் சூட்டை வைத்து உருவம் காட்டும். சாதாரண ரிங் என்பது திருகு போட்டு இறுக்கும் வளையம்.) இரண்டு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். இருந்த கோபத்தில் இவ்வளவு நீண்டுவிட்டது.

முதலில் நியாயத்தைப் பேசிவிடுகிறேன். என்னிடம் இருப்பது .308 தோட்டா போடும் போல்ட் ரைஃபிள், ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தள்ளிச் சுடுவது. பகலில் அதற்குச் சாதாரண ஸ்கோப், இரவில் தெர்மல். டெக்சஸில் காட்டுப்பன்றிக்கு வேட்டைப் பருவம் என்று ஒன்று கிடையாது. தனியார் நிலத்தில் உரிமையாளரின் சம்மதம் இருந்தால் 2019 செப்டம்பரிலிருந்து வேட்டை உரிமமும் தேவையில்லை. நண்பரின் நிலத்தை அந்தப் பன்றிகள் ஒரே இரவில் டிராக்டர் விட்டதுபோல் உழுதுபோட்டுவிடுகின்றன. மாலையில் ஒரு ஸ்கோப்பை இறக்கிவிட்டு இருட்டில் இன்னொன்றை ஏற்ற வேண்டும். அதற்குத்தான் லீவர்.

கழற்றி மாட்டினால் குறி மாறுமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. மாறவில்லை. வாங்கிய மாதமே 100 கெஜத்தில் தாள் வைத்து, மூன்று முறை சுட்டு, கழற்றி, மாட்டி, மறுபடி மூன்று என்று பத்துச் சுற்று பார்த்தேன். தோள் வீங்கியதுதான் மிச்சம். முப்பது துளைகளும் ஓர் எலுமிச்சம்பழத்துக்குள் அடங்கிவிட்டன. அதில் மவுண்டின் பிழை எவ்வளவு, என் கையின் பிழை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கவே முடியவில்லை.

இது சாதாரண வேலை அல்ல. துப்பாக்கியின் மேல் குறுக்கே பள்ளம் பள்ளமாக வெட்டிய பட்டைதான் ரெயில். மவுண்ட் அதைப் பிடிக்கும் இரண்டு இடங்களுக்கும் நடுவே 100 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்று மட்டும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விலகினால், 100 கெஜத்தில் குறி ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். நடுவில் ஒரு தலைமுடி சிக்கினாலே ஐந்தாறு சென்டிமீட்டர் போய்விடும். அதனால் என் பையில் பழைய பல் பிரஷ் ஒன்று எப்போதும் கிடக்கும். ரெயிலைத் தேய்த்து, மவுண்டை முன்பக்கம் தள்ளி, அதன் குறுக்குக் கட்டை பள்ளத்தின் முன்சுவரில் முட்டிய பிறகே லீவரை மூடுவேன். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். முன்கூட்டியே முட்டவைத்துவிட்டால் அதற்கு நகர இடமில்லை. தம்பி, எந்த மவுண்ட் வாங்கினாலும் இதைச் செய்யுங்கள்.

இனி நட்டு. லீவரின் பிடி எவ்வளவு இறுக்கம் என்பதைத் தீர்மானிப்பது அதன் மறுமுனையில் இருக்கும் ஒரு சுண்டைக்காய் நட்டு. லீவர் பாதி தூரம் சுலபமாக வந்து, அதன்பின் இறுக வேண்டும் என்கிறது கையேடு. ஆனால் அந்த நட்டு கால் சுற்றுக் கால் சுற்றாகத்தான் நிற்கும். எனக்கு வேண்டிய இடம் எப்போதும் இரண்டு நிலைகளுக்கும் நடுவில். கால் சுற்றுத் தளர்த்தினால் லீவர் பழைய கதவின் தாழ்ப்பாள் போல ஆடும். கால் சுற்று இறுக்கினால் மூடுவதற்குக் கட்டைவிரல் போதாது, சுத்தியலின் பிடியால் தட்ட வேண்டும். நான்கு ஆண்டுகள் தட்டினேன். உடைந்தது. துண்டுச் சீட்டு எழுதியவர் சொன்னது உண்மைதான், ஆனால் தட்டாமல் எப்படி மூடுவது என்று அவர் எழுதவில்லை.

இந்த வகை ரெயிலுக்குப் பிகாட்டினி என்று பெயர். அதற்கு அமெரிக்க ராணுவம் 1995-இல் தரநிலை வகுத்துவிட்டது. பள்ளத்தின் அகலம் 5.23 மி.மீ., ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 10.01 மி.மீ. கடையில் அந்தப் பெயரில் விற்கும் ரெயில்கள் எல்லாம் அந்த ஏட்டை மதிப்பதில்லை. என் இன்னொரு ரைஃபிளின் ரெயில் மயிரிழை அளவு அகலம் கூடியது. மவுண்டை அதற்கு மாற்றும்போதெல்லாம் நட்டைத் திருப்ப வேண்டும். திருப்புவதற்கு மவுண்டோடு வந்த குட்டி ஸ்பேனர் வேண்டும். அதுவோ இரண்டாம் வாரமே மெஸ்கீட் புதருக்குள் விழுந்துவிட்டது. (மெஸ்கீட் என்பது நம் சீமைக்கருவேலத்தின் ஒன்றுவிட்ட தம்பி. அந்த முள்ளுக்குள் கைவிட்டுத் தேடுவது எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.) போப்ரோ என்ற கம்பெனியின் மவுண்டில் இந்தத் தொல்லை கிடையாது, அதன் லீவர் ரெயிலின் அகலத்துக்குத் தானே ஒத்துப்போகும். விலையைப் பார்த்துப் பின்வாங்கியது நான்தான்.

ஜெர்மானியர்கள் 1846-இல் குடியேறிய டெக்சஸ் ஊரான ஃப்ரெடெரிக்ஸ்பர்க்கில் ஒரு பெரியவர் தன் பழைய மவுசர் ரைஃபிளைக் கையில் கொடுத்தார். அதில் இருந்தது ஜெர்மனியின் ஸூல் நகரத்துக் கொக்கி மவுண்ட். முன்கால் கொக்கிகளை அடித்தட்டில் நுழைத்து, பின்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். நட்டும் இல்லை, ஸ்பேனரும் இல்லை. விளக்குப் புகைக்கரியைத் தடவி, எங்கே ஒட்டுகிறது என்று பார்த்துப் பார்த்து, அரத்தால் ராவிப் பொருத்தும் வேலை அது. அந்தத் துப்பாக்கிக்கென்று ராவிய கால்கள் வேறு எதிலும் உட்காரா. நான்கைந்து முறை கழற்றி மாட்டிவிட்டு மனமில்லாமல் திருப்பிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து என் மவுண்டைப் பார்த்தபோது எரிச்சல் இரட்டிப்பானது.

ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் வளையங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. என் மவுண்டில் அவை கிடைமட்டமாகப் பிளந்தவை. ஒரு பக்கத் திருகை முதலில் இறுக்கினால் ஸ்கோப் மெல்ல உருண்டு, உள்ளே குறிபார்க்கும் குறுக்குக்கோடு சாய்ந்துவிடும். மாற்றி மாற்றி, 15 முதல் 18 இஞ்ச்-பவுண்டுக்குள் (திருகும் விசையின் அளவு) இறுக்க வேண்டும். வார்ன் என்ற கம்பெனியின் வளையங்கள் செங்குத்தாகப் பிளந்தவை. இரு பாதிகளும் சமமாக நெருங்குவதால் ஸ்கோப் உருளாது, ஆனால் அதே பாதிகள்தான் ரெயிலையும் பிடித்திருப்பதால் முதல்முறை பொருத்த மூன்றாவது கை ஒன்று வேண்டும். இரண்டு தனித்தனி லீவர் ரிங் என்றால் நட்டும் இரண்டு. அந்தப் பக்கமே நான் போகவில்லை.

மதிப்பெண் கேட்டால் பத்துக்கு ஒன்பது கொடுப்பேன். குறி தவறவில்லை, கண்ணாடிக்குச் சேதமில்லை, பழுதுக்குப் பணமும் கேட்கவில்லை. தம்பிக்கு நான் அனுப்பிய பதில்: வாங்காதீர்கள். நல்ல சாதாரண ரிங், கூடவே எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று. ஒவ்வொரு முறையும் ஒரே பள்ளத்தில், ஒரே அளவுக்கு இறுக்கினால் அதுவும் குறிக்குத் திரும்பிவிடும். இரண்டு நிமிடம் கூடுதலாகும், பன்றி எங்கும் ஓடிவிடாது.

அனுப்பிவிட்டு, புது லீவரை ரைஃபிளில் வைத்து மூடிப் பார்த்தேன். சனிக்கிழமை நிலா இல்லாத இரவு. மறுபடியும் கால் சுற்று இறுக்கம். சுத்தியலை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.