பத்து மீட்டர் கயிறு: ஒன்றரை வருடம் இழுபட்டபின்

மணி ஜெர்மன் ஷெப்பர்ட், மூன்று வயது. தடம் மோந்து ஆளைத் தேடும் பயிற்சியில் நாங்கள் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அவன் முன்னால் மோந்து போக, பின்னால் நான் பிடித்துக்கொண்டு போகும் நீளக் கயிறு; அதற்குள் இது மூன்றாவது. நைலான் உள்ளங்கையைச் சுட்டது. பருத்தி, பனிப்புல்லில் பத்து நிமிடம் இழுபட்டாலே ஈரச்சாக்குபோலக் கனத்தது. இப்போது இருப்பது பாலியெஸ்டர் நாடாவின் மேல் பிளாஸ்டிக் பூசியது, 13 மி.மீ. அகலம்.

தண்ணீர் குடிப்பதில்லை, புதரில் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வருகிறது, சேறானால் துணியால் ஒரு துடை. சரி, இதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கும். எனக்கு முக்கியம் கைக்குத் தெரியும் சேதிதான். தடத்தில் இருக்கும்போது மணியின் இழுப்பு ஒரே சீராக இருக்கும். தடம் தவறினால் கயிறு தொய்யும், தலை நிமிரும், அரைவட்டம் அடிப்பான். மறுபடி கிடைத்ததும் விரலில் ஒரு சுண்டல். கனத்த பருத்திக் கயிற்றில் இந்தச் சுண்டல் பாதி வழியிலேயே செத்துவிடும்.

ஆனால் சேதி வந்தால் போதுமா, கேட்கவும் வேண்டுமே! ஒருநாள், ஒளிந்திருப்பவர் நேராகத்தான் போயிருப்பார் என்று நானாக முடிவுகட்டிவிட்டேன். மணி வலப்பக்கம் இழுத்தான். நான் கயிற்றை விடவில்லை. மறுபடி இழுத்தான். மூன்றாம் முறை இழுக்கவில்லை, திரும்பி என் முகத்தைப் பார்த்தான். ஆள் வலப்பக்கப் புதரில்தான் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் பல வாரம், ஒவ்வொரு திருப்பத்திலும் என் முகத்தைப் பார்ப்பதே அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. 2011இல் வெளியான ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. மோப்ப நாயும் அதை நடத்துபவருமாக 18 ஜோடிகள். தேட வேண்டிய வாசனை எங்குமே வைக்கப்படவில்லை. சிவப்புக் காகிதம் இருக்கும் இடத்தில் வாசனை இருக்கும் என்று நடத்துபவர்களிடம் மட்டும் சொல்லி வைத்தார்கள். இல்லாத வாசனையை நாய் கண்டுபிடித்துவிட்டதாகப் பெரும்பாலான தேடல்களில் அறிவிப்பு வந்தது! என் முகமும் மணிக்குச் சிவப்புக் காகிதம் ஆகிவிட்டது. தடம் எங்கே போகிறதென்று எனக்கே தெரியாத பயிற்சிகளாக நடந்துதான் அதைச் சரிசெய்தோம்.

குறைகளுக்கு வருகிறேன். மழையில் கயிறு வழுக்குகிறது, கையுறை இல்லாமல் பிடி நிற்காது. பெரிய ஏமாற்றம் கொக்கி. மண் புகுந்து ஸ்பிரிங் இறுகி, ஆறாம் மாதமே பாதி திறந்தபடி நின்றுவிட்டது. பத்து மீட்டர் தள்ளி நாய் ஓடும்போது இது விளையாட்டல்ல. விற்றவர்களுக்கு எழுதினேன், பதில் இல்லை. கயிற்றுக்கு ஐந்துக்கு நாலரை தருவேன், கொக்கிக்கு ஒன்று.

கனமான பித்தளைக் கொக்கி ஒன்று வாங்கி நானே மாற்றினேன். பழைய கொக்கி ஹார்னஸில் (நாயின் மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) மாட்டும் சத்தம் கேட்டாலே மணிக்கு வேலை நேரம் என்று தெரியும். புதியதன் சத்தம் கொஞ்சம் கட்டை. முதல் இரண்டு நாள் தலையைச் சாய்த்துக் கேட்டான். மூன்றாம் நாள் 'டக்' என்றதுமே மூக்கு தரைக்குப் போய்விட்டது.